‘அறிந்தே’ என்ற ஒரு சொல்: போபாலிலிருந்து பீத்தம்பூர் வரை நிலத்தடி நீரின் சட்ட வரலாறு

(சற்று நீண்ட பதிவு.)

1974-ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் ஒரு விசித்திரமான வரையறையோடு தொடங்குகிறது. அதன் இரண்டாம் பிரிவு ‘ஸ்ட்ரீம்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கூறும்போது ஆறு, நீர்த்தடம், உள்நாட்டு நீர்நிலை, கடல் ஆகியவற்றோடு நிலத்துக்கு அடியிலுள்ள நீரையும் சேர்த்துக்கொள்கிறது. அகராதி எதிலும் இல்லாத பொருள் இது. ஆனால் சட்டத்தில் வரையறைக்கு அகராதியைவிட வலிமை அதிகம். எனவே 1974 முதலே இந்தியாவில் நிலத்தடி நீரும் ஓர் ‘ஓடை’. அதில் நஞ்சைக் கலப்பது குற்றமாக்கப்பட்டது. அபாயகரக் கழிவுகளைப் பற்றி எழுதுவோர் பலர் நம் நாட்டில் நிலத்தடி நீருக்குச் சட்டப் பாதுகாப்பு மிகப் பிந்தியே வந்தது என்று கூறுவதுண்டு. அக்கூற்று பாதி மட்டுமே சரி. பாதுகாப்பு முன்பே இருந்தது. அந்நீர் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் கடமைதான் எவருக்கும் இருக்கவில்லை.

மொழியியல் படித்த பழக்கத்தால் நான் அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவில் ஒரு வினையடையிடம் வந்து நின்றுவிட்டேன். நஞ்சோ மாசுப் பொருளோ ஓடையிலோ கிணற்றிலோ நேரடியாகவோ மறைமுகமாகவோ சேர எவரும் ‘அறிந்தே’ காரணமாகக் கூடாது என்பது அப்பிரிவின் சாரம். ‘அறிதல்’ என்னும் வினைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ‘கிணறு கெட்டது என்று அவர் நினைத்தார்’ என்றால் கிணறு கெட்டிருக்க வேண்டியதில்லை. ‘கிணறு கெட்டது என்று அவர் அறிந்தார்’ என்றால் கிணறு கெட்டிருக்கத்தான் வேண்டும். அதாவது குற்றத்தை நிறுவ விரும்புபவர் இரண்டு சுமைகளைச் சுமக்க வேண்டும்: நீர் கெட்டது என்று காட்ட வேண்டும், அது எதிராளிக்குத் தெரிந்திருந்தது என்றும் காட்ட வேண்டும். பூமிக்கு மேலே ஓடும் ஆற்றில் இவ்விரண்டும் ஓரளவு எளிது. நுரை தெரியும், மீன் மிதக்கும், குழாய் எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று கண்ணால் காணலாம். பூமிக்கு அடியில் எதுவும் தெரியாது. துளையிட்டுப் பார்த்தால்தான் தெரியும். துளையிடும் கடமை இல்லாத இடத்தில் அறியாமையே மிக மலிவான தற்காப்பு. மேலும் அப்பிரிவில் ‘நிலத்தின் மீது’ கொட்டுதல் என்ற சொற்கள் 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்து சேர்ந்தன. அதுவரை திறந்த மண்ணில் கொட்டுவது என்பது, ஓடையையோ கிணற்றையோ சென்றடைந்ததாக நிறுவப்படும்வரை, இப்பிரிவின் பார்வைக்கு வெளியிலேயே கிடந்தது.

அதே பத்தாண்டில் அமெரிக்காவில் நடந்ததை இங்கே ஒப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 1976-இல் அந்நாடு வளப் பாதுகாப்பு மற்றும் மீட்புச் சட்டத்தை இயற்றியது. 1978-இல் லவ் கேனால் என்னும் குடியிருப்பின் கீழே புதைந்திருந்த வேதிக் கழிவு நாட்டையே உலுக்கியது. 1980 மே மாதம் வெளியான ஒழுங்குவிதிகள், கழிவைப் புதைக்கும் நிலங்களையும் கழிவுநீரைத் தேக்கும் குளங்களையும் நடத்துவோர் மீது ஒரு புதிய கடமையைச் சுமத்தின. நிலத்தடி ஓட்டத்தின் மேற்புறம் குறைந்தது ஒரு கிணறு, கீழ்ப்புறம் குறைந்தது மூன்று கிணறுகள் தோண்ட வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் காலாண்டுக்கொரு முறை நீரெடுத்து இயல்புநிலை என்னவென்று நிறுவ வேண்டும். அதன்பின் அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், மொத்தக் கரிமக் கார்பன், மொத்தக் கரிம ஹாலஜன் ஆகிய நான்கு சுட்டிகளையும் ஆண்டுக்கு இருமுறையேனும் அளந்து, மேற்புற நீரோடு புள்ளியியல் முறையில் ஒப்பிட வேண்டும். வேறுபாடு உறுதியானால் ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் நுட்பம் மேற்புறக் கிணற்றில் இருக்கிறது. கீழ்ப்புற நீரில் குளோரைடு மிகுந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால், ‘அது இந்த மண்ணின் இயல்பு’ என்று ஆலை பதிலளித்துவிடும். மேற்புறக் கிணறு இருந்தால் அந்தப் பதில் செல்லாது. அந்த விதிகளிலும் குறைகள் இருந்தன. ஆரம்பத்தில் பயன்படுத்திய புள்ளியியல் சோதனை இல்லாத மாசை இருப்பதாகக் காட்டியது என்று பின்னர் மாற்றினார்கள். ஆயினும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் வாய்ப்பை அவை அடைத்தன. கிணறு தோண்டி முடிக்க வேண்டிய கெடு 1981 நவம்பர் 19.

இனி போபாலுக்கு வருவோம். யூனியன் கார்பைடு இந்தியக் கிளையின் பூச்சிக்கொல்லி ஆலை அங்கு 1969-இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கழிவுகள் ஆலை வளாகத்துக்குள்ளேயே பல இடங்களில் கொட்டப்பட்டன. 1977-இல் வளாகத்துக்கு வடக்கே சுமார் 14 ஹெக்டேர் நிலத்தில் கதிரவன் வெப்பத்தால் கழிவுநீரை வற்றச் செய்யும் குளங்கள் வெட்டப்பட்டன. அடியில் பாலித்தீன் விரிப்பு. அதன் கீழே கரிசல் மண். மழை பெய்யும் ஊரில் நீர் மேலே போகும் என்று நம்பிய அமைப்பு. 1982-இன் முற்பகுதியில், அதாவது அமெரிக்காவில் கண்காணிப்புக் கிணறுகளுக்கான கெடு முடிந்த சில மாதங்களில், குளங்கள் கசிகின்றன, அது கவலையளிக்கிறது என்று போபாலிலிருந்து தந்திகள் தாய் நிறுவனத்துக்குப் போயின. பின்னாளில் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றின் வழியாகவே அவை உலகுக்குத் தெரிந்தன.

அந்தத் தந்திகளை நான் நிலத்தடி நீர் அறிக்கை என்னும் வகைமையிலேயே வைத்துப் படிக்கிறேன். தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, நிகழ்வு இருக்கிறது. இல்லாதது பெறுநர் பட்டியலில் ஒரு பெயர். குளங்களின் சுற்றுப்புறத்தில் கைப்பம்பு அடித்துக் குடித்த மக்களோ, மாநில அரசோ அதைப் பெறவில்லை.  24-ஆம் பிரிவின் ‘அறிந்தே’ என்ற சொல்லுக்குத் தேவையான சான்று முழுவதும் அந்தத் தாள்களில் இருந்தது. வழக்குத் தொடுக்க வேண்டியவர்களின் கையில் மட்டும் இல்லை. 1984 டிசம்பர் 2 இரவுக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. வாயுக் கசிவின் பேரழிவு, நியாயமாகவே, மற்ற அனைத்தையும் மறைத்துவிட்டது. ஆயினும் நீரின் கதை அந்த இரவின் தொடர்ச்சி அன்று. அதற்கு முன்பே தொடங்கியது. வாயு கசியாமலே இருந்திருந்தாலும் குளங்கள் கசிந்திருக்கும்.

1989-இல் ஆலை வளாகத்திலிருந்து எடுத்த மாதிரிகளை நிறுவனமே சோதித்தது. அச்சோதனையில் மீன்கள் அனைத்தும் இறந்தன. இதுவும் உள்ளறிக்கையாகவே நின்றது. 1990-இல் பாஸ்டன் நகரில் உள்ள குடிமக்கள் ஆய்வுக்கூடம் ஒன்று போபால் கிணற்று நீரில் டைகுளோரோபென்சீனைக் கண்டது. ஆனால் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி (தமிழ்க் காதுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!) 1997 அறிக்கையில் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் குடிநீர்த் தரத்துக்கு உட்பட்டே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. மாசு நிலத்தடி நீரை எட்ட 23 ஆண்டுகள் ஆகும் என்பது அதன் கணக்கு. யூனியன் கார்பைடு அமர்த்திய ஆர்தர் டி லிட்டில் என்னும் ஆலோசனை நிறுவனமே அக்கணக்கை ஏற்கவில்லை. மோசமான சூழலில் இரண்டு ஆண்டுகளே போதும் என்றது. அரசின் ஆய்வு நிறுவனம் ஆலைக்குச் சாதகமாகவும், ஆலையின் ஆலோசகர் பாதகமாகவும் கூறிய இந்த முரண் இந்திய அறிவியல் நிறுவனங்களின் வரலாற்றை எழுதுவோர் தனியே ஆராய வேண்டியது. ஆலோசகரின் கருத்து அன்று மக்கள் பார்வைக்கு வரவில்லை.

இங்கே இலக்கணம் பற்றி ஒரு சொல். ஆய்வறிக்கைகளில் ‘காணப்படவில்லை’ என்பது ஒரு செயலின் எதிர்மறை: தேடினோம், தேடிய இடத்தில், தேடிய கருவிக்கு, அகப்படவில்லை. ‘இல்லை’ என்பது இருப்பின் எதிர்மறை. முதலாவது அட்டவணையில் இருக்கும். அறிக்கையின் சுருக்கத்துக்கு வரும்போது இரண்டாவதாக மாறும். செய்தியாளர் சந்திப்பில் ‘நீர் பாதுகாப்பானது’ என்ற உடன்பாட்டு வாக்கியமாகிவிடும். தரநிலைப் பட்டியலில் இடம்பெறாத ஒரு வேதிப்பொருளைத் தேடாத ஆய்வு அதைக் காணப்போவதில்லை. எந்தப் பொருளைத் தேட வேண்டும் என்பதை முன்கூட்டியே சட்டம் விதிக்காதபோது, அந்தத் தேர்வு முழுவதும் ஆய்வாளர் கையில் விடப்படுகிறது. அமெரிக்க விதி மொத்தக் கரிம ஹாலஜனைச் சுட்டியாக வைத்ததன் பயன் இதுதான்: எந்தக் குளோரின் சேர்மம் என்று பெயர் தெரியாவிட்டாலும் ‘ஏதோ ஒன்று’ இருக்கிறது என்று அது காட்டிவிடும்.

போபாலில் மாசு கண்ணுக்குத் தெரியவில்லை. ராஜஸ்தானின் உதய்ப்பூர் அருகே பிச்ச்ரி கிராமத்தில் தெரிந்தது. 1988-இல் அங்கு ஓர் ஆலை சாயத் தொழிலுக்குத் தேவையான எச்-அமிலம் தயாரிக்கத் தொடங்கியது, முழுவதும் ஏற்றுமதிக்கு. குறுகிய காலத்தில் 375 டன் எச்-அமிலமும், அதற்காகச் சுமார் 2,440 டன் சேறும், 8,250 கனமீட்டர் நச்சு நீரும் உருவாயின. உற்பத்தியைப் போல ஆறு மடங்குக்கு மேல் சேறு! அது திறந்த வெளியில் கிடந்தது. மழை அதைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கியது. கிணற்று நீர் கருத்தது. மக்கள் கொதித்தெழ, 144 தடையுத்தரவு வந்தது, ஆலை மூடப்பட்டது. 1989-இல் இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட நடவடிக்கைக் குழு உச்ச நீதிமன்றம் சென்றது.

சேற்றைப் பாதுகாப்பான குழியில் புதைக்க நீதிமன்றம் ஆணையிட்டபோது நடந்ததுதான் கழிவு அறிக்கைகளின் வரலாற்றில் மறக்கக் கூடாத அத்தியாயம். புதைக்கப்பட்டது சுமார் 720 டன். மீதி ஆலை வளாகத்தில் பரப்பப்பட்டு, மேல்மண்ணால் மூடப்பட்டிருந்தது. ஏட்டில் குறைந்த கழிவு மண்ணில் குறையவில்லை. எத்தனை டன் என்று மட்டும் கேட்கும் அறிக்கைமுறைக்கு இது எளிதில் அகப்படாது; கிணற்றைக் கேட்டால் அகப்படும். பிச்ச்ரியில் கிணறுகள்தாம் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தன. கண்காணிப்புக் கிணறு தோண்டாத நாட்டில் குடிநீர்க் கிணறே அவ்வேலையைச் செய்கிறது. அதைக் குடிப்பவரே முதல் ஆய்வாளர் ஆகிறார்.

1996 பிப்ரவரி 13 அன்று நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் கிர்பாலும் வழங்கிய தீர்ப்பு ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியதாகப் பாடநூல்கள் கூறுகின்றன. அது சரியே. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உருவான முழுப் பொறுப்புக் கோட்பாட்டை இத்தீர்ப்பு உறுதியாகப் பற்றிக்கொண்டது: அபாயகரமான தொழிலை நடத்துபவர் எவ்வளவு கவனத்தோடு நடந்தார் என்பது பொருட்டன்று, தீங்கு நேர்ந்தால் ஈடு செய்ய வேண்டும். 1974-ஆம் ஆண்டின் ‘அறிந்தே’ என்ற வினையடை, ஈடு செய்யும் வழக்குகளில் இவ்வாறு செல்லாக் காசானது. ஆனால் பொறுப்புக் கோட்பாடு தீங்குக்குப் பின் வருவது. செலவை ஏற்க வேண்டும் என்ற ஆணைக்கும் பணத்துக்கும் இடையிலும் நெடுந்தொலைவு. நிலத்தையும் நீரையும் மீட்க விதிக்கப்பட்ட 37.385 கோடி ரூபாயை ஆலைகள் மனுமேல் மனுவாகப் போட்டுத் தள்ளிக்கொண்டே போயின. 2011 ஜூலையில்தான் 12 விழுக்காடு கூட்டு வட்டியோடு செலுத்துமாறு உச்ச நீதிமன்றம் கடுமையாக ஆணையிட்டது. வழக்கு தொடுத்து 22 ஆண்டுகள்!

பிச்ச்ரி வழக்கு தொடுக்கப்பட்ட அதே 1989-இல், ஜூலை 28 அன்று, இந்தியாவின் முதல் அபாயகரக் கழிவு விதிகள் வெளியாயின. அவற்றின் 8-ஆம் விதி மாநில அரசுகள் கழிவு அகற்றும் இடங்களை அடையாளம் காணவும், அவற்றின் பட்டியலைத் தொகுத்து வெளியிடவும் கூறியது. பதிவேடு ஒரு படிவத்தில், ஆண்டறிக்கை ஒரு படிவத்தில், விபத்து அறிக்கை மற்றொன்றில். இந்தப் படிவங்களின் அடிப்படைக் கட்டமைப்பு 2008, 2016 ஆகிய ஆண்டுகளின் புதிய விதிகளிலும் தொடர்கிறது. இன்றைய 4-ஆம் படிவம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள் மாநில வாரியத்தைச் சேர வேண்டும். அதன் கேள்விகள் பெரும்பாலும் அளவு பற்றியவை: எவ்வளவு உருவானது, எவ்வளவு அனுப்பப்பட்டது, எவ்வளவு புதைக்கப்பட்டது, எவ்வளவு இருப்பில் உள்ளது. கிடங்குக் கணக்கரின் மொழி அது. கழிவு ஒரு சரக்கு, அது கைமாறுகிறது, கணக்கு நேராக வேண்டும். பேசல் உடன்படிக்கையின் காலத்தில், நாடு விட்டு நாடு செல்லும் கழிவே முதன்மைக் கவலையாக இருந்தபோது உருவான மொழி அது என்பதை நினைவிற்கொண்டால் வியப்பில்லை.

நிலத்தடி நீர் அந்தப் படிவத்தில் இல்லை என்பதால் இந்தியச் சட்டத்திலேயே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் புதைநிலத்தின் வடிவமைப்பு, இயக்கம், மூடல் ஆகியவற்றை வழிகாட்டு நெறிகளோடு பிணைத்தது. 2001-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட புதைநில அளவுகோல்கள் இரட்டைக் காப்புறை, கசிவுநீர் சேகரிப்பு, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள், மூடியபின் 30 ஆண்டுகள் கவனிப்பு என்று விரிவாகவே பேசுகின்றன. தொழில்நுட்பமாக அவை அமெரிக்க, ஐரோப்பிய நெறிகளுக்குக் குறைந்தவையல்ல. வேறுபாடு இவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. அங்கே கிணறுகளின் எண்ணிக்கையும் ஏழு நாள் கெடுவும் ஒழுங்குவிதியின் வாசகத்திலேயே உள்ளன. எவரும் படித்துச் சுட்டிக்காட்டலாம். இங்கே அவை வழிகாட்டு நெறியிலும், ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனியே வழங்கப்படும் அங்கீகார நிபந்தனையிலும் தங்கியுள்ளன. கிணற்று நீரின் முடிவுகள் நிலையத்திலிருந்து வாரியத்துக்கு எழுதப்படும் கடிதமாகின்றன. 1982-இன் தந்தியைவிட இது பெரிய முன்னேற்றம்தான். பெறுநர் பட்டியலில் அரசு சேர்ந்துவிட்டது. ஊர் இன்னும் சேரவில்லை.

சேர்க்க முயன்ற ஒரு தருணம் உண்டு. 1997 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் உயர்நிலைக் குழுவொன்றை அமைத்தது. அதன் அறிக்கையை ஒட்டி 2003 அக்டோபர் 14 அன்று வெளியான ஆணை, சட்டவிரோதக் கழிவுக் குவியல்களைப் பட்டியலிடச் சொன்னதோடு, ஆலைகள் தாம் கையாளும் அபாயகர வேதிப்பொருட்கள், நீர்-வளி வெளியேற்றங்கள், வளாகத்தில் உருவாகும் திடக் கழிவு ஆகிய விவரங்களை வாயிலுக்கு வெளியே பலகையில் எழுதிவைக்கவும் சொன்னது. தொழிற்பேட்டைகளில் நாம் காணும் அந்தப் பலகைகள் பெரும்பாலும் வெயிலில் வெளுத்தவை. எண்கள் எப்போது மாற்றப்பட்டன என்று தெரியாதவை. கேலி செய்வது எளிது. ஆயினும் ‘அறிக்கை’ என்பது தெருவில் நிற்பவருக்கும் உரியது என்று இந்தியச் சட்டம் சொன்ன அரிய இடங்களில் அதுவும் ஒன்று. வெளியேறுவதை எழுதச் சொன்னார்கள். அடியில் இறங்குவதை எழுதச் சொல்லவில்லை.

போபாலின் மீதிக் கதையை விரைந்தே சொல்லலாம். 1996-இல் வற்றல் குளங்களின் சேறு ஒரே குளத்தில் குவித்து மூடப்பட்டது. 1998-இல் ஆலை நிலம் மாநில அரசிடம் திரும்பியது. 1999-இல் கிரீன்பீஸ் ஆய்வு குளோரின் சேர்மங்களையும் பாதரசத்தையும் கண்டது. கைப்பம்புகளில் ‘குடிக்கத் தகாதது’ என்று சிவப்பு வண்ணம் பூசினார்கள். வேறு நீர் இல்லாதவர்கள் அதையே அடித்துக் குடித்தார்கள். 2004 மே மாதம் அப்பகுதிகளுக்குத் தூய நீர் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2009-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஆலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவிலும் மாசைக் கண்டது. பாதிக்கப்பட்ட குடியிருப்புகளின் பட்டியல் 22 ஆயிற்று, பின்னர் 42 ஆயிற்று. மாசு பரவியதால் நீண்டதா, தேடியதால் நீண்டதா என்று பிரித்தறிய இயலாது. ஏனெனில் 1977-இல் அங்கே மேற்புறக் கிணறு ஒன்றைத் தோண்டி முதல் ஆண்டின் இயல்புநிலையை எவரும் எழுதிவைக்கவில்லை.

2025 ஜனவரி முதல் நாள் இரவு, வளாகக் கிடங்கில் சாக்குகளில் கிடந்த சுமார் 337 டன் கழிவு 12 வண்டிகளில் தார் மாவட்டத்தின் பீத்தம்பூருக்குச் சென்றது. அங்கே மக்கள் தெருவில் இறங்கினார்கள். வெளியூரில் சிலர் இதை அறியாமை என்றனர். ஆனால் அதே நிலையத்தில் 2008-இல் போபாலின் 40 டன் சுண்ணாம்புச் சேறு புதைக்கப்பட்டதை அவர்கள் மறந்திருக்கவில்லை; அருகிலுள்ள கிராமத்தின் கிணறுகளைப் பற்றிய புகார்களும் பழையவை. ஜூன் இறுதியில் எரிப்பு முடிந்தது. எரிக்கும்போது சேர்த்த சுண்ணாம்பும் பிறவும் சேர்ந்து, எஞ்சிய சாம்பலும் கசடும் மூலக் கழிவைவிட எடையில் மிகுந்தன. அடுத்த மாதமே மத்திய அரசு மாசடைந்த இடங்களை மேலாள்வதற்கான தனி விதிகளை வெளியிட்டது. மாவட்ட நிர்வாகம் ஐயத்துக்குரிய இடங்களைப் பற்றி அரையாண்டுக்கொரு முறை அறிக்கை தர வேண்டும் என்பது அதில் ஒரு கூறு. 1989-இன் 8-ஆம் விதி கேட்ட பட்டியல், 36 ஆண்டுகள் கழித்து, வேறொரு அலுவலகத்தின் கடமையாக மீண்டும் எழுதப்பட்டுள்ளது.

பீத்தம்பூருக்குச் சென்றது கிடங்கிலிருந்த 337 டன் மட்டுமே. 2010-இல் நீரியும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கணக்கிட்டபடி, போபாலில் மாசடைந்த மண்ணின் அளவு சுமார் 11 லட்சம் டன். அது எந்த ஆலையின் 4-ஆம் படிவத்திலும் வராது. ஆலை இல்லை, நடத்துபவர் இல்லை, அங்கீகாரமும் இல்லை. ஒவ்வொரு பருவமழையும் அதன் வழியேதான் கீழே இறங்குகிறது.